கிரவுண்ட்ஹாக் வேட்டை: எந்த ரைஃபிள், எங்கே குறி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவில் பால்பண்ணைகளுக்கு நடுவே குடிவந்து பதினைந்து வருடம் ஆகிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் தன் சோயா வயலில் கிரவுண்ட்ஹாக் சுட எனக்கு அனுமதி கொடுத்ததுதான் தாமதம், பொங்கல் விழாவானாலும் சரி, யார் வீட்டுப் பிறந்தநாளானாலும் சரி, யாராவது ஒருவர் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து இதையே கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் பென்சில்வேனியாவுக்கு. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அந்த ஊர் விதிப்புத்தகத்தைப் பாருங்கள்.

கிரவுண்ட்ஹாக்னா நம்ம ஊர் பெருச்சாளிதானே? அதுக்கு எதுக்கு ரைஃபிள்?

பெருச்சாளி இல்லை, அணில் குடும்பம். வளர்ந்தது இரண்டு கிலோவிலிருந்து ஆறு கிலோ வரை இருக்கும். அக்டோபர் வாக்கில் வளைக்குள் போய்த் தூங்கினால் பிப்ரவரி, மார்ச்சில்தான் எழுந்து வரும். ஒவ்வொரு பிப்ரவரி 2 அன்றும் பங்சடாவ்னி ஊரில் ஒன்றைத் தூக்கிக் காட்டி, குளிர் இன்னும் ஆறு வாரம் நீளுமா என்று குறி கேட்கிறார்களே, 1887 முதல் நடக்கிற அந்தக் கூத்தின் நாயகன் இதுதான்.

பண்ணைக்காரருக்கு இதன் மேல் உள்ள கோபம், தின்கிற சோயாக் குருத்துக்காக மட்டும் இல்லை. ஐந்தடி ஆழம், முப்பது நாற்பது அடி நீளம் என்று வளை தோண்டும். அதில் டிராக்டர் சக்கரம் இறங்கும், மாட்டுக்குக் கால் முறியும், களஞ்சியத்தின் அஸ்திவாரம் சரியும். ஆள் வருவது தெரிந்தால் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று பார்க்கும், ஒரு விசில் அடிக்கும், அடுத்த நொடி உள்ளே போய்விடும். பக்கத்தில் போய் அடிக்க வழியே கிடையாது என்பதால்தான் ரைஃபிள்.

என் வீட்டுத் தோட்டத்துல வெண்டை, பீன்ஸ் எல்லாத்தையும் தின்னுடுது. கொல்லைக் கதவுல நின்னே சுட்டுடலாமா?

கூடாது. ஆள் இருக்கும் கட்டடத்திலிருந்து 150 கஜத்துக்குள் துப்பாக்கியால் வேட்டையாட வேண்டுமென்றால் அந்த வீட்டுக்காரர் அனுமதி வேண்டும். உங்கள் வீடு உங்களுடையது, சரி. பக்கத்து வீடு? குடியிருப்புப் பகுதியில் வேலி போடுவதுதான் நல்ல வழி. மூன்றடி உயரக் கம்பி வலை, அடிப்பகுதியை ஒரு அடி மண்ணுக்குள் புதைத்து வெளிப்பக்கமாக வளைத்து விடுங்கள். மேல் விளிம்பை இறுக்கிக் கட்டாமல் தொளதொளவென்று விட்டால் ஏறும்போது ஆடும், பயந்து இறங்கிவிடும். ஆமாம், இது மரமும் ஏறும்.

வயல்வெளியில் சுடுவதற்கு வேட்டை உரிமம் வேண்டும். முதல் தடவை வாங்குபவர்கள் அதற்கு முன் ஹன்டர் எஜுகேஷன் வகுப்பை முடித்திருக்க வேண்டும். நில உரிமையாளரைக் கேட்க வேண்டும். தலையில் பளிச்சென்ற ஆரஞ்சுத் தொப்பி வேண்டும். எந்த மாதத்தில், எந்தக் கிழமையில் சுடலாம் என்ற விதி அவ்வப்போது மாறுகிறது. அந்த வருடத்துப் புத்தகத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

நான் ஹெச்-1பி விசாவுல இருக்கேன். நண்பரோட ரைஃபிளை வாங்கிச் சுடலாம்ல?

கவனம். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதையே அமெரிக்க மத்திய அரசுச் சட்டம் தடுக்கிறது. இரவல் வாங்கிப் பிடித்தாலும் வைத்திருந்ததாகவே கணக்கு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் உரிமம் காலாவதியாகி ஒரு நாள் ஆனாலும் விலக்கு போச்சு. கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. விசாக்காரர்கள் துப்பாக்கிக் கடைக்காரர் சொன்னதை நம்பாமல் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு கொறித்துண்ணிக்காக விசாவை இழக்க வேண்டாம்.

.22ங்கிறாங்க, .223ங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணுதானே, கடைசியில ஒரு 3தானே கூட?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேலிபர் என்பது குண்டின் குறுக்களவை அங்குலத்தில் சொல்வது. அந்தக் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் முழுக்கப் பின்னால் இருக்கும் வெடிமருந்தில்.

சாதா .22, அதாவது .22 லாங் ரைஃபிள், 1887 முதல் இருக்கிறது. 40 கிரெயின் ஈயக் குண்டை நொடிக்கு ஏறக்குறைய 1,200 அடி வேகத்தில் தள்ளும். (7,000 கிரெயின் ஒரு பவுண்டு, 40 கிரெயின் என்பது 2.6 கிராம்.) .223 ரெமிங்டன் 55 கிரெயின் குண்டை 3,240 அடி வேகத்தில் தள்ளும். குழல்வாயில் இதன் ஆற்றல் அதைப்போல் பத்து மடங்குக்குப் பக்கம். தோட்டாக்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்: ஒன்று பேனா மூடி மாதிரி, மற்றது சுண்டுவிரல் மாதிரி.

இன்னொன்று. .22 லாங் ரைஃபிள், .22 மேக்னம், .17 ஹெச்எம்ஆர் மூன்றும் ரிம்ஃபயர். சுத்தியல் தோட்டாவின் அடி விளிம்பில் அடிக்கும். .223, .22-250, .243 எல்லாம் சென்டர்ஃபயர். நடுவில் உள்ள பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில், அடிக்கும். ரிம்ஃபயர் விலை மலிவு, சத்தம் குறைவு, தூரமும் குறைவு.

சின்ன விலங்குதானே, .22 போதாதா?

50 கஜத்துக்குள், தலையில் பட்டால் தாராளமாகப் போதும். நிதானமாகச் சுடுபவர் என்றால் 75 கஜம். அதற்கு மேல் வேண்டாம்.

காரணம் இரண்டு. 50 கஜத்துக்குக் குறி சரிசெய்த .22, 100 கஜத்தில் ஏறக்குறைய ஆறு அங்குலம் கீழே இறங்கிவிடும். நெஞ்சைக் குறிவைத்தால் மண்ணில் படும். இரண்டாவது, கிரவுண்ட்ஹாக்குக்கு உயிர் கெட்டி. தோலும் கொழுப்பும் தடிமன். நெஞ்சில் .22 பட்டு, இருபதடி ஓடி வளைக்குள் போய் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். செத்தது என்னவோ செத்ததுதான். ஆனால் எப்போது, எப்படி என்று தெரியாது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

.17 ஹெச்எம்ஆரா, .22 மேக்னமா? கடைக்காரர் ஒண்ணு சொல்றார், யூட்யூப் ஒண்ணு சொல்லுது.

.22 மேக்னம் 1959-இல் வந்தது. 40 கிரெயின், 1,900 அடி வேகம். 100 கஜம் பறந்த பிறகும் சாதா .22 கிளம்பும்போது இருக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வைத்திருக்கும். .17 ஹெச்எம்ஆர் 2002-இல் ஹார்னடி கொண்டுவந்தது. 17 கிரெயின்தான், ஆனால் 2,550 அடி. நூல் பிடித்த மாதிரி போகும். 100 கஜத்துக்குக் குறி வைத்தால் 150-இல் இரண்டரை அங்குலம்போல்தான் இறங்கும்.

என் கை .17 பக்கம் போகும், காற்று இல்லாத காலையாக இருந்தால். துல்லியம் அப்படி. ஆனால் ஒரு கிராம் சொச்சம் எடையுள்ள குண்டு, தோள் எலும்பில் மோதினால் உள்ளே போகாமல் மேலேயே சிதறிவிடக்கூடும். அதனால் .17 வைத்திருப்பவர்கள் 100 கஜத்துக்கு மேல் உடம்பில் சுடாதீர்கள், தலை கிடைத்தால் மட்டும் சுடுங்கள். மேக்னம் அந்த விஷயத்தில் மன்னிக்கும், துல்லியத்தில் கொஞ்சம் பின்தங்கும்.

முதல் சென்டர்ஃபயர் வாங்கப் போறேன். .223, .22-250, .243 மூணுல எது?

முதலில் நான் திருப்பிக் கேட்பது: நீங்கள் சுடப்போகும் வயலில் நீளமான பார்வை எத்தனை கஜம்? பெரும்பாலானோருக்குத் தெரியாது. ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்றை இரவல் வாங்கிப் போய் அளந்து வாருங்கள். இங்கே பல வயல்களில் வேலியிலிருந்து வேலிக்கு 200 கஜம்கூட வராது.

அப்படியென்றால் .223 வாங்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும், மற்ற இரண்டையும்விட மலிவு, உதைப்பு குறைவு. உதைப்பு குறைவு என்றால் சுட்ட பிறகும் ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கி) விலங்கு தெரியும், எங்கே பட்டது என்று நீங்களே பார்க்கலாம். 250 கஜம் வரை இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. .22-250 அதே 55 கிரெயினை 3,680 அடியில் அனுப்பும். 300 கஜம் தாண்டிய திறந்த மேய்ச்சல் நிலம் இருப்பவர்களுக்கு அது. குழல் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் தேயும். .243 வின்செஸ்டர் 1955-இலிருந்து வருகிறது. கனமான குண்டு போட்டால் மானுக்கும் ஆகும் என்பதுதான் அதன் பெருமை. ஒரே ரைஃபிள்தான் வாங்குவேன், இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்கும் போவேன் என்றால் அது சரியான தேர்வு. கிரவுண்ட்ஹாக்குக்கு மட்டும் என்றால் அதிகப்படி.

எதை வாங்கினாலும் குண்டு, முனையில் பிளாஸ்டிக் வைத்து, பட்டதும் சிதறும் வகையாக இருக்கட்டும். முழு உலோக உறை போட்ட குண்டு ஊசி குத்தியதுபோல் துளைத்துக்கொண்டு போய்விடும். விலங்கு காயத்தோடு ஓடும், குண்டு மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கும்.

சரி, எங்கதான் சுடணும்? தலையா நெஞ்சா?

உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று முதலில் மனதில் பதிய வையுங்கள். கோடை முடிவில் கொழுத்த கிரவுண்ட்ஹாக்கைப் பார்த்தால் உடம்பே ஒரு மூட்டை மாதிரி இருக்கும். மூட்டையின் நடுவைக் குறிவைத்தால் அது வயிறு. இதயமும் நுரையீரலும் ரொம்ப முன்னால், முன்னங்கால்களுக்கு இடையே, கீழ்ப்பாதியில் இருக்கின்றன. மொத்தமும் மூன்று அங்குல வட்டத்துக்குள் அடங்கும், காபி டம்ளர் வாயளவு. மூளை கொட்டைப்பாக்கு அளவுதான்.

பக்கவாட்டில் நின்று மேயும்போது: முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே ஒரு கோடு இழுங்கள். அடிவயிற்றிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அந்தக் கோட்டில் வையுங்கள். நிமிர்ந்து உங்களைப் பார்த்து நின்றால்: தாடைக்குக் கீழே, தொங்கும் இரண்டு கைகளுக்கும் நடுவே. இது எனக்குப் பிடித்த குறி. உயரம் தப்பினாலும் மேலே கழுத்து, தலை, கீழே இதயம். முதுகைக் காட்டி நிமிர்ந்து நின்றால் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகெலும்பு. நாலு காலில் நின்று முதுகைக் காட்டினால் சுடாதீர்கள், திரும்பும் வரை பொறுங்கள். எப்படியும் நிமிர்ந்து பார்க்கும். வாயைக் குவித்து மெல்ல ஒரு விசில் அடித்தாலே போதும், எழுந்து நிற்கும்.

தலைக் குறி .22, .17 வைத்திருப்பவர்களுக்கு. பக்கவாட்டில் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே. மேயும்போது தலை நிற்கவே நிற்காது, மென்றுகொண்டே ஆடும். தலையைத் தூக்கி அசையாமல் பார்க்கும் இரண்டு மூன்று நொடிதான் உங்கள் வாய்ப்பு. சென்டர்ஃபயர் வைத்துக்கொண்டு 200 கஜத்தில் தலையைக் குறிவைப்பவர்களை எனக்குப் புரிவதில்லை. தாடை உடைந்து ஓடினால் அது பட்டினி கிடந்து சாகும்.

எவ்வளவு தூரம் வரைக்கும் நான் சுடலாம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மேலே சொன்ன டம்ளர் வாய்தான் அளவுகோல். காகிதத்தில் மூன்று அங்குல வட்டம் போட்டு, வயலில் எப்படிச் சுடுவீர்களோ அப்படியே சுடுங்கள். மேசையில் வைத்து அல்ல. தரையில் படுத்து, பைபாடில் (ரைஃபிளைத் தாங்கும் இருகால்) அல்லது பையின் மேல் வைத்து. ஐந்துக்கு ஐந்தும் வட்டத்துக்குள் விழும் கடைசித் தூரம்தான் உங்கள் எல்லை. ரைஃபிள் 300 கஜம் போகும், நீங்கள் 140 என்றால் எல்லை 140.

.223-ஐ எத்தனை கஜத்துக்கு ஜீரோ பண்றது?

200. அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பை அந்தத் தூரத்துக்குச் சரிசெய்யுங்கள். அப்படிச் செய்தால் 55 கிரெயின் குண்டு 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே இருக்கும், 200-இல் சரியாக, 300-இல் ஏழு அங்குலம் கீழே. ஆக 200 வரைக்கும் நெஞ்சின் நடுவில் வைத்துச் சுட்டால் வட்டத்துக்குள்தான் விழும், மனக்கணக்கு வேண்டாம். தலைக் குறி என்றால் அந்த ஒன்றரை அங்குலமே தப்பச் செய்துவிடும், மறந்துவிடாதீர்கள்.

ஸ்கோப்ல தெளிவா நெஞ்சு தெரிஞ்சுது. சுட்டேன், எனக்கு முன்னாடியே மண்ணு தெறிச்சுது. ரைஃபிள் கோளாறா?

கோளாறு ரைஃபிளில் இல்லை. ஸ்கோப் குழலுக்கு மேலே ஒன்றரை அங்குலம் உயரத்தில் இருக்கிறது. உங்கள் கண் மண்மேட்டைத் தாண்டிப் பார்க்கும், குழல் மேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். படுத்துச் சுடும்போது இது சகஜம். டிரக் பானெட்டில் பையை வைத்துச் சுட்டு, புது வண்டியின் பெயின்ட்டில் கோடு இழுத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மனைவிக்கும் இப்போது தெரியும். விசையை அழுத்தும் முன் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, பின்னாலிருந்தபடியே குழலின் மேல்பக்கத்தை ஒட்டி முன்னே ஒரு தடவை பாருங்கள்.

காத்து அடிச்சா எவ்வளவு தள்ளும்?

குறுக்கே மணிக்கு 10 மைல் காற்று, அதாவது மரத்துச் சிறு கிளைகள் விடாமல் ஆடுகிற அளவு. அதில் .17 ஹெச்எம்ஆர் 100 கஜத்திலேயே மூன்று அங்குலத்துக்கு மேல் விலகும்: நெஞ்சில் வைத்தது வயிற்றில் படும். .223 அதே காற்றில் 200 கஜத்தில் ஐந்து அங்குலம்போல் விலகும். விலங்கு நிற்கும் இடத்துப் புல்லைப் பாருங்கள், உங்கள் முகத்தில் படும் காற்றை மட்டும் நம்பாதீர்கள். சந்தேகமாக இருந்தால் அன்றைக்கு எல்லையைப் பாதியாக்குங்கள்.

.22 சின்னது, அதனால .223-ஐ விட பாதுகாப்பு. சரிதானே?

தப்பு. இதைப் பலர் நம்புகிறார்கள், அதனால்தான் பயமாக இருக்கிறது. மெதுவாகப் போகும் ஈயக் குண்டு இறுகிய மண்ணிலோ கல்லிலோ பட்டால் சிதறாமல் எகிறும். ங்ஙீ என்ற அந்தச் சத்தம் சுட்டவர்களுக்குத் தெரியும். எகிறாவிட்டாலும், உயரத் தூக்கிச் சுட்ட .22 ஒரு மைலுக்கு மேல் போகும். வேகமாகப் போகும் சிதறு குண்டு தரையில் பட்ட இடத்திலேயே தூளாகிவிடுவதுதான் வழக்கம். வழக்கம் என்றுதான் சொல்கிறேன், உத்தரவாதம் இல்லை.

எந்தக் கேலிபரானாலும் விலங்குக்குப் பின்னால் மண் இருக்க வேண்டும். மேட்டு விளிம்பில், வானத்தைப் பின்னணியாக வைத்து நின்றால் ஸ்கோப்பில் அழகாகத் தெரியும். சுடக்கூடாது. புதிதாக ஒரு வயலுக்குப் போனால் முதலில் நான் தேடுவது விலங்கை அல்ல. வீடு, சாலை, மாட்டுத் தொழுவம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுதான். சில வயல்களில் ஒரே ஒரு திசைதான் மிஞ்சும். அந்தத் திசையின் நீளத்தை வைத்துத்தான் கேலிபர்.

5.56-ம் .223-ம் ஒண்ணுன்னு ராணுவத்துல இருந்தவர் சொன்னார். மலிவா கிடைக்குது, போடலாமா?

உருவத்தில் ஒன்றுதான், உள்ளே நுழைந்துவிடும். ஆனால் 5.56-க்கு வெட்டிய அறை (குழலில் தோட்டா உட்காரும் இடம்) வேறு. .223 என்று மட்டும் பொறித்த குழலில் 5.56 போட்டால் அழுத்தம் அளவுக்கு மேல் ஏறலாம். போடாதீர்கள். 5.56 குழலில் .223 போடலாம். குழல் மேல் என்ன பொறித்திருக்கிறது என்று படியுங்கள்.

அதே இடத்தில் 1:9, 1:7 என்று ஒரு எண்ணும் இருக்கும். குண்டு ஒரு முழுச் சுற்று சுழல எத்தனை அங்குலம் எடுக்கும் என்பது. 1:7 குழலில் ரொம்ப மெல்லிய உறை போட்ட லேசான குண்டை வேகமாகச் சுட்டால், சுழலும் வேகத்தில் அது காற்றிலேயே பிய்ந்துவிடக்கூடும். 1:9 இருந்தால் 40-லிருந்து 55 கிரெயின் வரை கவலை இல்லை.

எந்த மாசத்துல போறது?

வசந்தத்தில் புல் வளரும் முன் பார்ப்பது சுலபம். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் குட்டி போடும். தாயைச் சுட்டால் வளைக்குள் நான்கைந்து குட்டி சாகும். சட்டம் தடுக்கவில்லை என்றாலும் நான் ஜூன் பாதி வரை போவதில்லை. பண்ணைக்காரர் முணுமுணுப்பார். ஜூலையில் குட்டிகள் தனியே பிரிந்து அலையும், வைக்கோலுக்கு ஒருமுறை வெட்டிய வயல் மட்டமாக இருக்கும். அதுதான் நல்ல காலம். காலையிலும், வெயில் தாழ்ந்த பிறகும்.

சாப்பிடலாமா?

சாப்பிடலாம். புல் தின்கிற விலங்கு, அந்த வருடத்துக் குட்டியென்றால் கறி மிருது. முன்னங்காலின் அக்குளிலும் முதுகின் கீழ்ப்பகுதியிலும் சிறு சுரப்பிகள் இருக்கும். அவற்றை நசுக்காமல் எடுக்காவிட்டால் குழம்பே நாறும். ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மிளகு தூக்கலாகப் போட்டுக் குக்கரில் வைத்தேன். முயலுக்கும் வெள்ளாட்டுக்கும் நடுவே இருந்தது. சமைக்க வேண்டுமென்றால் .22, தலைக் குறி. .223 நெஞ்சில் பட்டால் முன்பாதியில் கறி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது, ஈயத் துணுக்கும் கலந்திருக்கும். அப்படிப்பட்ட உடலை வயலில் போட்டால் கழுகுகள் ஈயத்தோடு தின்னும். நான் புதைத்துவிடுகிறேன்.

கையுறை போடுங்கள், உண்ணி இருக்கும். பகலில் தள்ளாடியோ, பயமில்லாமல் ஆளை நோக்கியோ வந்தால் தொடவே தொடாதீர்கள். அமெரிக்காவில் கொறித்துண்ணிகளில் அதிகமாக வெறிநோய் கண்டறியப்படுவது இதில்தான். மாநில வேட்டைத்துறையான கேம் கமிஷனுக்குத் தகவல் சொல்லுங்கள்.

அடிபட்டு வளைக்குள்ள போயிடுச்சு. என்ன பண்றது?

பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. கையை விடாதீர்கள். பற்கள் உளி மாதிரி. தோண்டினாலும் எந்தக் கிளையில் போனது என்று தெரியாது. குண்டு பட்ட நொடியில் அடுத்த தோட்டாவை ஏற்றி, ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் ஐந்து நிமிடம் காத்திருங்கள். அதே வாயிலிலோ, சுற்றியுள்ள மண்மேடில்லாத வேறு வாயிலிலோ தலை தெரியலாம். தெரிந்தால் உடனே முடித்துவிடுங்கள்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, வளை வாயில் உட்கார்ந்திருப்பதைச் சுடாமல் இருப்பது. ஸ்கோப்பில் அதுதான் ரொம்பச் சுலபமான குறியாகத் தெரியும்: மண்மேட்டின் மேல், அசையாமல், வெயில் காய்ந்துகொண்டு. முதல் வருடம் நான் அப்படித்தான் களஞ்சியத்தை ஒட்டியிருந்த ஒன்றைச் சுட்டேன். பின்பக்கமாகச் சாய்ந்து உள்ளேயே விழுந்தது. அது ஆகஸ்ட் மாதம். ஒன்பது நாள் பால் கறக்கப் போகும்போதெல்லாம் பண்ணைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு என் வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டுப் போனார். இப்போது வளையிலிருந்து பத்தடியாவது வெளியே வந்து மேயட்டும் என்று காத்திருக்கிறேன்.